திரைக்குக் கீழே ஒரு பொத்தான்

சுடலைச்செல்வி என்ன வேலை பார்க்கிறாள் என்று பசுவந்தனையில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். “கோவில்பட்டியில கம்ப்யூட்டர்ல இருக்கா.” அவளுடைய அம்மா சீனித்தாயும் அப்படித்தான் சொல்லுவாள், மகள் கம்ப்யூட்டருக்குள்ளேயே குடியிருப்பதுபோல. செல்வி ஒரே ஒருமுறை விளக்கிப் பார்த்தாள்.

“நாங்க செஞ்சது ஒரு பிளகின்ம்மா. அது தனியா நிக்காது. இன்னொருத்தர் வச்சிருக்க வெப்சைட்டுல கொண்டு போயி மாட்டிக்கிடணும்.”

“டிராக்டர்ல கலப்பைய மாட்டுத மாதிரியா?”

“ஆமா. அதே மாதிரிதான்.”

“அப்பொ டிராக்டரு நம்முளுது இல்ல.”

“இல்ல.”

“சரி போ. கலப்பையாவது நம்முளுதா இருக்கே,” என்று சீனித்தாய் எழுந்து போய்விட்டாள்.

செல்விக்கு இருபத்து நான்கு வயது. அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். சேரும்போது முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்க அப்பாவோடு மூன்று நாள் அலைந்தாள். இந்தக் குடும்பத்தில் இதுவரை பட்டதாரி எவரும் இல்லை என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். இல்லாத ஒன்றுக்காக வாங்கிய சான்றிதழ் அது ஒன்றுதான். மற்றவர்களுக்குப் பின்னால் யாரோ நடந்து போன தடம் இருக்கும், தனக்கு முன்னால் வெறுங்காடு என்று அன்று தோன்றியது. படிப்பு முடிந்து மூன்று வருடம் ஆன பிறகும் அந்த எண்ணம் போகவில்லை.

அவள் வேலை பார்ப்பது கார்த்திகேசன் அண்ணாச்சியின் ஆபீஸில். கடலைமிட்டாய்க் கடைக்கு மேல்மாடி, இரண்டு அறை. பதினோரு மணிக்கு வெல்லப்பாகின் வாசனை படியேறி வந்துவிடும். தீப்பெட்டி ஆபீஸ்கள், கல்யாண மண்டபங்கள், பள்ளிக்கூடங்கள் என்று ஊரிலுள்ள எல்லோருக்கும் அண்ணாச்சி வெப்சைட் செய்து கொடுப்பார். செய்வது செல்வி. கொடுப்பது அண்ணாச்சி.

அந்தப் பிளகின் ஒரு நாள்காட்டி. மண்டபமோ ஓட்டலோ, தேதி கேட்கிற எந்த வெப்சைட்டிலும் அதை மாட்டலாம். கட்டத்தில் மேலே ஆங்கிலத் தேதி, கீழே தமிழ்த் தேதி, ஓரத்தில் அமாவாசை, முகூர்த்த நாள் எல்லாம் காட்டும். தை இருபத்தொன்று என்றால்தான் நம் பக்கத்து ஆட்களுக்கு நாள் மனசில் நிற்கும் என்று யோசித்து இரண்டு பேர் சேர்ந்து எழுதியது அது. ஒருத்தி செல்வி. இன்னொருத்தி காவியா, கயத்தாறுக்காரி, அன்றைக்குப் பக்கத்து நாற்காலி.

காவியா இருந்தவரை செல்வி எழுதிய நிரலின் ஒவ்வொரு வரியையும் படிப்பாள். படித்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டாள்.

“ஏட்டி, இது என்ன எக்ஸுன்னு பேரு? உங்க வீட்டு நாய்க்குட்டிக்குக்கூட மூணெழுத்துல பேரு வச்சிருக்கீங்க. இத்தனை பேரு வந்து கூப்பிடப் போற ஃபங்ஷனுக்கு ஒரு நல்ல பேரு கெடைக்கலையா?”

செல்வி முறைப்பாள். பிறகு மாற்றுவாள். மாற்றியது நன்றாக இருக்கும். அதுதான் எரிச்சல்.

ஒன்றரை வருடத்துக்கு முன் பெங்களூரில் ஒரு கம்பெனி இரண்டு பேரையும் கூப்பிட்டது. காவியா போனாள். செல்வி, “வீட்டுல விட மாட்டாவ” என்று சொல்லி நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எழுதுவதைப் படிக்க ஆளில்லை. அண்ணாச்சி வந்து எட்டிப் பார்ப்பார். “ஓடுதா? ஓடுதுன்னா தொடாத.” அவ்வளவுதான். பிளகின் மட்டும் அதுபாட்டுக்கு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. பெயர் தெரியாத ஊர்களில், பார்த்திராத மண்டபங்களின் வெப்சைட்டுகளில் தன் கட்டங்களைச் செல்வி பார்ப்பாள். கடிதம் போட்டுப் பதில் வராத மாதிரி இருக்கும்.

புரட்டாசியில் ஒரு நாள் காவியா போன் செய்தாள். வானம் கருக்கட்டுவதும் கலைவதுமாக இருந்த நாட்கள். ஊரே விதையை வைத்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஏட்டி, எங்க கம்பெனி நம்ம நாள்காட்டியை எடுக்கப் போவுது. மண்டபம், ஓட்டலுக்குன்னு பெரிய சாஃப்ட்வேர் ஒண்ணு செய்யுதோம். ஆனா ஒரு சிக்கல். அதுல ஒரு டெஸ்டுகூட இல்லையேன்னு எங்க டீம் லீடு கேக்காரு.”

“நாமதான் அமுக்கி அமுக்கிப் பாத்தோமே.”

“அதையே சொன்னேன். அமுக்கிப் பாத்த ரெண்டு பேரையும் சேத்துப் பெட்டியில வச்சு அனுப்புவீங்களான்னு கேட்டாரு.” காவியா சிரித்தாள். “கேளு. மூணு வாரம் டைம். ஒரு டெஸ்டிங் ஃப்ரேம்வொர்க் நீ தேர்ந்தெடுக்கணும், டெஸ்ட் எழுதணும், ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன்னு வீடியோவுல வந்து சொல்லணும். நல்லா இருந்தா டீம்ல சேத்துக்கிடுவாரு. ஒரு சீட் காலியா இருக்கு.” கொஞ்சம் நிறுத்தினாள். “எனக்குப் பக்கத்துல.”

போனை வைத்ததும் செல்வி பழைய போட்டோ ஒன்றைத் தேடித் திறந்தாள். பெங்களூர் ஆபீஸை அவள் காவியா அனுப்பிய ஒரே ஒரு போட்டோவில்தான் பார்த்திருந்தாள். நீளமாக ஒரு மேஜை, இரண்டு பக்கமும் ஆட்கள், சுவரில் வெள்ளைப் பலகை நிறையக் கிறுக்கல். அந்தக் கிறுக்கலைப் பெரிதாக்கி, என்ன எழுதியிருக்கிறது என்று எத்தனையோ தடவை படிக்கப் பார்த்திருக்கிறாள்.

ஒரு வாரம் படித்தாள். ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பதற்குப் பதிலாக, ஒரு நிரலே இன்னொரு நிரலை இயக்கிச் சரிபார்க்கிற ஏற்பாடுதான் இந்த ஃப்ரேம்வொர்க் எல்லாம். ஜெஸ்ட், மோக்கா, சைப்ரஸ், பிளேரைட் என்று எத்தனையோ இருந்தன. இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டாள். ஒரு வகை, நிஜ பிரவுசரைத் திறக்காமல் பிரவுசர் மாதிரி ஒன்றைப் பாவனையாக உண்டாக்கி அதில் சோதிக்கும். அதனால் பறக்கும். இன்னொரு வகை, மெய்யாகவே பிரவுசரைத் திறந்து, பக்கத்தை வரையச் சொல்லி, மனுஷன் தொடுவதுபோல் தொட்டுப் பார்க்கும். அதனால் மெதுவாக ஓடும்.

அவரவர் அனுபவத்தை எழுதியிருந்தவர்கள் எல்லோரும் “எங்கள் குழுவில்” என்றே ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் குழுவில் இதை முயன்றோம், எங்கள் குழுவில் சண்டை வந்தது. அந்தச் சொல் வருகிற இடமெல்லாம் அவள் கண் நின்று நின்று போனது.

“எங்க டீம்ல எல்லாத்துக்கும் ஜெஸ்ட்தான்,” என்றாள் காவியா. “பாவனை பிரவுசர்தான். ஒரு நிமிஷத்துக்குள்ள அத்தனை டெஸ்டும் முடிஞ்சிரணும், அது லீடு வச்ச சட்டம். அதையே எடு. தலைய ஒடைக்காத.”

எடுத்தாள். தமிழ்த் தேதிக் கணக்கு, மாதம் மாறுகிற நாள், ஒரு தேதியைத் தொட்டால் அது தேர்வாகிறதா, பொத்தானை அமுக்கினால் தகவல் போய்ச் சேர்கிறதா என்று நூற்று நாற்பது டெஸ்டுகள் எழுதினாள். ஓடவிட்டால் நான்கே வினாடி. திரை முழுக்கப் பச்சை டிக். படம் எடுத்துக் காவியாவுக்கு அனுப்பினாள்.

“மழைக்கப்புறம் உளுந்தங்காட்டைப் பாத்த மாதிரி இருக்குடி,” என்று பதில் வந்தது. பெங்களூர் போன பிறகு காவியாவுக்கு எப்போதாவது ‘டி’ ஒட்டிக்கொள்ளும்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னாள். சீனித்தாய் முறத்தில் பாசிப்பயறு புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, வார வெள்ளிக்கிழமை அவகளோட வீடியோவுல பேசணும். நல்லபடியா முடிஞ்சா பெங்களூரு போவணும். வேலைக்கு.”

“போ.”

“அப்பா?”

“அவியட்ட நான் சொல்லுதேன்.”

செல்வி எதிரே உட்கார்ந்தாள். “போன தடவ...”

“போன தடவ நீ கேட்டியாட்டி?” முறம் நின்றது. “கேக்கவே இல்ல. ஊருல உள்ளவககிட்ட எல்லாம் வீட்டுல விடலன்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்க. கயத்தாத்துக்காரி அம்மா பஸ்ஸுல வச்சு எங்கிட்ட கேக்கா, புள்ளைய ஏன் இப்படிக் கட்டிப் போட்டிருக்கீங்கன்னு. எனக்கு மூஞ்சியக் கொண்டு எங்கன வைக்கதுன்னு தெரியல.”

“ஏம்மா அப்பமே சொல்லல?”

“நீயா வந்து கேப்பேன்னு இருந்தேன்.” முறம் மறுபடி ஆடத் தொடங்கியது.

போ என்று சொல்லிவிட்டால் போக வேண்டியிருக்குமே என்றுதான் அன்றைக்குச் செல்வி பயந்திருந்தாள். போய், அங்கே தான் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டால்? அந்தப் பயத்துக்கு வீட்டின் பெயரை வைத்திருந்தாள். இப்போது பெயரும் இல்லை. அவளுக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவே ஒரு வெள்ளிக்கிழமை மட்டும்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உக்கிரபாண்டி மாமா வந்து சேர்ந்தார். சீனித்தாயின் தம்பி. தை இருபத்தொன்றில் மகள் கல்யாணசுந்தரிக்குக் கல்யாணம். கோவில்பட்டியில் ஒரு பெரிய மண்டபம், அதன் வெப்சைட்டில் செல்வியின் நாள்காட்டி. ‘எம் மருமவ செஞ்சது, நான் ஏன் பஸ் ஏறிப் போய்க் கேக்கணும்?’ என்று மாமா வீட்டிலிருந்தே போனில் மண்டபத்தைப் பிடித்திருந்தார். பிடித்ததைச் சம்பந்தி வீடு வரை சொல்லியும் இருந்தார்.

“ஏட்டி மருமவளே,” என்று வாசலிலேயே ஆரம்பித்தார், “உன் கம்ப்யூட்டரு என்னைய நடுத்தெருவுல நிப்பாட்டிட்டு.”

“என்னாச்சு மாமா?”

“சமையல்காரரைக் கூட்டிட்டு அடுப்படியப் பாக்க மண்டபத்துக்குப் போனேன். நீங்க யாருன்னு கேக்கான் மேனேசரு. எம் மவ கல்யாணத்துக்கு எங்கிட்டயே நீ யாருங்கான். தை இருபத்தொண்ண வேற ஆளுக்குக் குடுத்தாச்சாம். எம்பேரே அதுல இல்லையாம். சமையல்காரரு என்னைய மேலயும் கீழயும் பாக்காரு.”

“மாமா, கடைசியில உறுதி செய்யுன்னு ஒரு பொத்தான் வந்திருக்குமே. அத அமுக்குனீங்களா?”

“பொத்தானா? எங்கன வந்துச்சு? நாளைத் தொட்டேன். மஞ்சளா ஆச்சு. மஞ்சளு வச்சப்புறம் என்னட்டி உறுதி வேண்டிக் கெடக்கு?”

நாள் குறித்த தாளானாலும் பத்திரிகையானாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினால் முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் நாளை மாற்றிப் பேச மாட்டார்கள். இது செல்விக்குத் தெரியாததா? தேர்வான தேதிக்கு மஞ்சள் நிறம் வைத்தது அவளும் காவியாவும்தான். பார்க்க நன்றாக இருக்கிறது என்று வைத்தார்கள். அது ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கான நிறம். ‘முடிந்தது’ என்பதற்கானது இல்லை. அதை மாமாவுக்கு யார் சொன்னார்கள்?

“போனைக் குடுங்க மாமா.”

வாங்கிப் பார்த்தாள். எழுத்தெல்லாம் புளியங்கொட்டை பருமனில் இருந்தது. நாற்பது தாண்டியவர் யார் போன் வாங்கினாலும் கடைக்காரன் கேட்காமலே எழுத்தைக் கடைசி அளவுக்கு ஏற்றித்தான் கொடுப்பான். கண்ணாடி போடாத ஊர். அவளுடைய அப்பா போனும் அப்படித்தான், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் போனும் அப்படித்தான். மண்டபத்தின் பக்கத்தைத் திறந்து நாள்காட்டியைத் தொட்டாள். கட்டங்கள் திரையை அடைத்துக்கொண்டு நின்றன. மாதத்தின் கடைசி வரிசை பாதி வெட்டுப்பட்டிருந்தது. பொத்தானைக் காணோம். மேலே தள்ளிப் பார்த்தாள். நகரவில்லை. நாள்காட்டி திறந்திருக்கும்போது பக்கம் நகரக் கூடாது என்று பூட்டுப் போட்டதும் அவள்தான்.

பொத்தான் திரைக்குக் கீழே எங்கோ இருந்தது. போய்ச் சேர வழியில்லாமல்.

“மாமா, தப்பு என்னுதுதான்.”

“தப்பாவது ஒண்ணாவது. வேற மண்டபம் பாத்துட்டேன், கொஞ்சம் சின்னது. நாளை மாத்தக் கூடாது, மண்டபத்த மாத்தலாம்,” என்றார் மாமா. தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பை வைத்தவர் கேட்டார்: “ஆனா ஒண்ணு. இதைச் சரியா இருக்கான்னு பாத்துத்தானே விட்டிருப்பீங்க?”

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையாக நூற்று நாற்பது டெஸ்டையும் ஓடவிட்டாள். நான்கு வினாடி. அத்தனையும் பச்சை. பொத்தானை அமுக்கினால் தகவல் போகிறது, டிக். பாவனை பிரவுசரிடம், அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தாள். மேலிருந்து பூஜ்யம், இடமிருந்து பூஜ்யம், அகலம் பூஜ்யம், உயரம் பூஜ்யம். எதைக் கேட்டாலும் பூஜ்யம். அது எதையும் வரைவதே இல்லை. வரையாத ஒன்றில் பொத்தான் தெரிகிறதா மறைகிறதா என்ற கேள்விக்கே இடமில்லை. ஒரு வாரம் படித்தபோது இந்த வரியையும் படித்திருந்தாள். ஆனால் தலைக்குள் மாமா இல்லாமல் படித்திருந்தாள்.

நிஜ பிரவுசரைத் திறக்கும் பிளேரைட்டை இறக்கினாள். சின்னத் திரை, பெரிய எழுத்து என்று அளவு கொடுத்து, பொத்தான் கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்கும் பன்னிரண்டு டெஸ்டுகளைப் புதன்கிழமைக்குள் எழுதினாள். ஆபீஸின் பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிக்கொண்டு மூன்று நிமிஷம் ஓடியது. முடிவில் ஐந்து சிவப்பு.

கார்த்திகேசன் அண்ணாச்சி கையில் டீயோடு வந்து எட்டிப் பார்த்தார். “என்னட்டி, நேத்து வரைக்கும் பச்சையா இருந்துச்சு. செவப்பா காட்டுது? கெட்டுப் போச்சா?”

“இல்ல அண்ணாச்சி. இப்பத்தான் கண்ணு தெரியுது.”

“கண்ணு தெரியத மாதிரி இல்லையே, கண்ணு செவந்த மாதிரில்லா இருக்கு,” என்று அண்ணாச்சி டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுப் போனார்.

காவியாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். மஞ்சள் கதையைக் கேட்டுக் காவியா சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

“சரி, பொத்தானைக் கீழேயே ஒட்டி நிப்பாட்டு, கலரை மாத்து. நாலு வரி. வெள்ளிக்கிழமை ஜெஸ்ட்டை மட்டும் காட்டு.”

“அடுத்த தடவ இன்னொருத்தர் மாமாவுக்கு நடந்தா? ஜெஸ்ட் அப்பமும் பச்சைன்னுதானே சொல்லும்?”

“அதைச் சேந்தப்புறம் பேசிக்கிடலாம்ட்டி. மூணு நிமிஷம் ஓடுத டெஸ்டைக் கொண்டு வந்து வச்சா அவர் மூஞ்சி எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும். அந்த சீட்டுக்கு இன்னும் மூணு பேரு நிக்காங்க.” குரல் தணிந்தது. “நீ வரணும் செல்வி.”

வியாழன் முழுக்க அவளுக்கு அந்த மேஜையே கண்ணில் நின்றது. பஸ் ஜன்னலுக்கு வெளியே இன்னும் ஈரம் காணாத கரிசல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. தான் எழுதியதை ஒருவர் சாய்ந்து படிப்பதை நினைத்தாள். ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்பதை, தான் பதில் சொல்லுவதை, பதில் போதாமல் இருவரும் எழுந்து வெள்ளைப் பலகைக்குப் போவதை. நான்கு வினாடிப் பச்சையைக் காட்டினால் அங்கே போய்விடலாம். பொய் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருந்தால் போதும். கேட்காமல் இருப்பதும் சொல்லாமல் இருப்பதும் தனக்குக் கைவந்த வித்தைதானே என்று தோன்றியபோது முகம் சுட்டது.

வெள்ளி காலை பதினோரு மணிக்கு வீடியோவில் லீடு வந்தார். பெயர் சங்கரபாண்டி. தாத்தாவோடு ஊர் போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம் என்று அவரே சொல்லிக்கொண்டார். சென்னையில் பிறந்து வளர்ந்தவர். பக்கத்துக் கட்டத்தில் காவியா, வாயைத் திறக்காமல்.

செல்வி ஜெஸ்ட்டை ஓட்டிக் காட்டினாள். நூற்று நாற்பதும் பச்சை.

“ஃபோர் செகண்ட்ஸ்! சூப்பர்,” என்றார் சங்கரபாண்டி. “நீட்டா இருக்கு. வேற ஏதாவது சொல்லணுமா?”

காவியா கண்ணாலேயே ‘இல்லைன்னு சொல்லு’ என்றாள்.

“ஒண்ணு இருக்கு சார்,” என்றாள் செல்வி. “இதுல தெரியாத ஒண்ணு.”

நாள்காட்டியைத் திருத்துவதற்கு முந்தைய நிலையிலேயே வைத்துப் பிளேரைட்டை ஓடவிட்டாள். மூன்று நிமிஷத்தை நிரப்ப வேண்டுமே என்று மாமா கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். மஞ்சள், சமையல்காரர், ‘நீ யாரு’ என்று கேட்ட மேனேஜர், எல்லாம். காலையில் கேட்டு வாங்கி வந்திருந்த அப்பாவின் போனைத் திருப்பிக் கேமராவில் காட்டினாள். சொல்லி முடிக்கவும் திரையில் ஐந்து சிவப்பு விழவும் சரியாக இருந்தது.

சங்கரபாண்டி சிரிக்கவில்லை. “மூணு நிமிஷம் ஆகுது. எங்க ரூல் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“அப்ப எதை சூஸ் பண்றீங்க? ஒண்ணைத்தான் சொல்லணும்.”

“தேதிக் கணக்குக்கு ஜெஸ்ட் போதும் சார். ஒண்ணுதான்னு சொன்னா பிளேரைட். மூணு நிமிஷம் நாம காத்துக் கெடக்கலாம். பொத்தான் தெரியலைன்னா கல்யாண வீட்டுக்காரங்க காத்துக் கெடப்பாங்க.”

அவர் ஒலியை அடைத்துவிட்டுப் பக்கத்தில் யாரிடமோ பேசினார். அவருடைய வாய் அசைவதை மட்டும் செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். காவியா குனிந்துவிட்டாள். கீழே கடையில் பாகு கிண்டுகிற சட்டுவம் சட்டியில் உரசியது. அந்த வேலை கைவிட்டுப் போய்விட்டது என்றுதான் செல்வி நினைத்தாள். வருத்தமாக இருந்தது, ஆனால் வெட்கமாக இல்லை. இந்த வித்தியாசத்தை அவள் இதுவரை அறிந்ததில்லை.

ஒலி திரும்பியது.

“எங்க லேப்ல முப்பது போன் இருக்கு,” என்றார் சங்கரபாண்டி. “ஒண்ணுலகூட எழுத்தைப் பெருசு பண்ணிப் பார்த்ததில்லை. நிஜ பிரவுசர் டெஸ்டைத் தனியா ஓட்டிக்கலாம், ரூலை நான் மாத்திக்கிறேன். நீங்க டீம்ல சேர்றீங்க. கார்த்திகை ஒண்ணாம் தேதியில இருந்து. ஆனா ஒரு விஷயம். நீங்க இங்க வர வேண்டாம்.”

“சார்?”

“அங்கேயே இருந்து வேலை பாருங்க. நீங்க அங்க இருக்கிறதுதான் எங்களுக்கு லாபம். இங்க வந்தா ஆறே மாசத்துல எங்களை மாதிரி ஆயிடுவீங்க.”

எல்லோரும் சந்தோஷப்பட வேண்டிய பேச்சு. காவியா முகத்தில் சந்தோஷம் இருந்தது. செல்விக்கு மட்டும் இல்லை. முன்பு என்றால் ‘சரி சார்’ என்று சொல்லிவிட்டு, பெங்களூரில் விடவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பாள்.

“சார், எனக்கு அங்க வரணும்.”

“ஏன்? இங்க எல்லாரும் ஊருக்குப் போகணும்னு அழறாங்க.”

காரணத்தை அழகாகச் சொல்ல வரவில்லை. “நான் எழுதுறதைப் பக்கத்துல உக்காந்து யாராவது படிக்கணும் சார்.”

சங்கரபாண்டி தலையாட்டினார். “முதல் ஒரு மாசம் வாங்க,” என்றார். “அப்புறம் ஊர்.”

கூட்டம் முடிந்த கால் மணி நேரத்தில் காவியாவின் போன் வந்தது.

“ஏட்டி. திட்டக் கூடாது.”

“என்ன?”

“உன்னைய அங்கனயே இருன்னு சொன்னாருல்லா. உடனே போயி நானும் கேட்டுட்டேன். அவளுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா, நானும் அதே பக்கத்து ஆளுதானேன்னு. சரின்னுட்டாரு.” காவியாவின் குரல் கரகரத்தது. “நான் ஊருக்கு வாரேன் செல்வி. ஒண்ணரை வருசமா இந்த ரூமுல சுவத்தைப் பாத்துக்கிட்டே சோறு திங்கேன். கார்த்திகையில கயத்தாத்துல இருப்பேன்.”

செல்வி ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். “அப்பொ நான் வாரப்போ?”

“என் சீட்டுல உக்காந்துக்கோ. ஜன்னல் பக்கம்.”

காவியா அவசரமாகப் பேசினாள். “நீ எதுக்கு வரணும்? வேண்டாம்னு சொல்லிரு. கயத்தாத்துல பஸ் ஏறுனா எவ்வளவு நேரம்? அண்ணாச்சிட்ட கேட்டு, அந்த ரூமுலயே ரெண்டு பேரும் பழையபடி உக்காருவோம். நீ எழுதுததை நான் படிக்கேன். அதானே உனக்கு வேணும்?”

அதுதானே வேண்டும்? செல்வி தன்னையே கேட்டுப் பார்த்தாள். காவியா என்றால் காவியா வருகிறாள். படிக்க ஒரு ஆள் என்றால் அதுவும் கிடைத்தாயிற்று. கேட்டதெல்லாம் கோவில்பட்டிக்கே வந்து இறங்குகிறது. ஆனாலும் அந்த நீள மேஜை போகவில்லை. அதன் கடைசியில் முகம் தெரியாத யாரோ, தன் ஊரோ தன் பேச்சோ தெரியாத யாரோ, தான் எழுதிய வரியில் விரலை வைத்து நிற்பது போகவில்லை. தெரிந்தவள் நல்லா இருக்கிறது என்றால் அது பாசமாகவும் இருக்கலாமே. இந்த ஆசைக்கு என்ன பெயர் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“நீ வா,” என்றாள். “நான் ஒரு மாசம் போயிட்டு வாரேன்.”

“நான் இல்லாத ஊருக்கா?”

“ஆமா.”

“அங்கன உனக்கு யாரு இருக்கா?”

“யாரும் இல்ல.”

காவியா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “சரி. சொல்லுததைக் கேட்டுக்கோ. காலையில குளிரும், சுவெட்டர் எடுத்துக்கோ. சாம்பார்ல இனிப்புப் போட்டிருப்பான், மூஞ்சியச் சுளிக்காத. அந்தப் போட்டோவுல பாக்கியே மேஜை, அது போட்டோவுலதான் அப்படி. எல்லாரும் காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு அவனவன் திரையப் பாத்துக்கிட்டு இருப்பான். யாரும் யாரு எழுதுததையும் எட்டிப் பாக்க மாட்டான். நீயா எந்திரிச்சுப் போயி தோளைத் தட்டணும். மொத நாளு கூச்சமா இருக்கும். தட்டுவியாட்டி?”

“தட்டுதேன்,” என்றாள் சுடலைச்செல்வி.